மூக்குக்கண்ணாடி அணிபவர் பைனாகுலர் வாங்கும்போது

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிட்டப்பார்வையோடு சிலிண்டர் பவரும் (விழியின் வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாததால் வரும் குறைக்கானது) இருப்பதால் எந்நேரமும் கண்ணாடி அணிகிறேன். தலங்கமவிலும் முத்துராஜவெலவிலும் பறவைகளைப் பார்ப்பதற்காகப் பைனாகுலர் வாங்கச் சென்றபோது, கடையில் எடுத்துப் பார்த்தவற்றில் நடுவே சிறு வட்டம் மட்டுமே தெரிந்தது. சுற்றிலும் ஒரே கறுப்பு. ‘ஐ ரிலீஃப்’ போதவில்லை என்றார் கடைக்காரர். துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பில் அது 90 மில்லிமீற்றர் இருக்கும் என்கிறார் வெளிநாட்டிலுள்ள என் மைத்துனர். கடையிலோ 16க்கு மேல் எதுவும் இல்லை. எந்த அளவை நம்பி வாங்குவது?

பதில்: கண்ணை வைத்துப் பார்க்கும் முனையான பார்வைத்துண்டின் கடைசி வில்லைக்கும், காட்சி முழுவதும் ஓரம் குறையாமல் தெரிவதற்குக் கண் நிற்க வேண்டிய இடத்துக்கும் இடைப்பட்ட தூரமே ஐ ரிலீஃப். கண் அதற்கு அப்பால் விலகி நின்றால் காட்சியின் ஓரங்கள் அறுபட்டு, நீங்கள் கண்ட அந்தச் சிறு வட்டமே மிஞ்சும்.

உங்கள் மைத்துனர் சொன்ன அளவு சரியானதே. ஆனால் அதற்குரிய காரணம் வேறு. ரைஃபிள் சுடும்போது பின்னோக்கி உதைப்பதால், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் மோதிக் காயப்படுத்தாதிருக்கவே கண்ணுக்கு 75 முதல் 100 மில்லிமீற்றர் வரை இடம் விடுகிறார்கள். உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்புகள் பலவற்றில், பெருக்கம் கூடக்கூட அந்தத் தூரம் குறையும் என்பதால், அவற்றை வாங்குவோர் உச்சப் பெருக்கத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பதற்குக் கொடுக்கும் விலை, குறுகிய காட்சிப் பரப்பு. கிளைக்குக் கிளை தாவும் பறவையை ஒற்றைக் கண்ணால் அந்தக் குறுகிய பரப்புக்குள் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஆகவே அந்த 90ஐ உங்கள் 16உடன் ஒப்பிட வேண்டாம்.

உங்களுக்குரிய கணக்கு இதுதான். மூக்குக்கண்ணாடியின் வில்லை கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. பைனாகுலரை அதற்கு வெளியேதான் வைக்க முடியும் என்பதால், கண்ணாடி அணிபவருக்குக் குறைந்தது 15 மில்லிமீற்றராவது வேண்டும். 17, 18 இருந்தால் தாராளம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெட்டியில் அச்சிடும் அளவு பெரும்பாலும் வில்லையின் மேற்பரப்பிலிருந்து எடுக்கப்பட்டது. வில்லையோ ரப்பர் விளிம்புக்குள் சில மில்லிமீற்றர் பதிந்திருக்கும். பெட்டியில் 16 என்றிருப்பது உங்கள் கண்ணுக்கு 13ஆக வந்து சேரலாம். எனவே எண்ணைவிட உங்கள் கண்ணையே நம்புங்கள்.

முதலில், கடையில் பார்த்தபோது அந்த ரப்பர் விளிம்புகள் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தனவா என்று நினைத்துப் பாருங்கள். கண்ணாடி அணியாதவர்களுக்காக அவை அப்படியே இருக்கும். நீங்கள் அவற்றைத் திருகி முழுமையாக உள்ளே இறக்க வேண்டும், பழைய மாதிரியானால் மடித்துவிட வேண்டும். குறை அதனாலேயே நேர்ந்திருக்கவும் கூடும். பிறகு, தினமும் அணியும் அதே கண்ணாடியோடு கடை வாசலுக்கு வந்து, வீதிக்கு எதிர்ப்புறமுள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். காட்சியைச் சுற்றியுள்ள வட்டத்தின் ஓரம் எல்லாப் பக்கமும் கூர்மையாகத் தெரிந்தால் போதிய இடம் இருக்கிறது. மாறாக, கண்ணைச் சற்று அசைத்தாலே அவரை விதை வடிவில் கறுப்பு நிழல் ஓடினால், கண் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டது. விளிம்பை ஒரு படி உயர்த்தினால் சரியாகும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வெறும் கிட்டப்பார்வையைக் குவியத் திருகு ஈடுசெய்யும். சிலிண்டர் பவரை ஈடுசெய்யாது. நீங்கள் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே வில்லையில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் வில்லை அணிபவரானால், தூரப் பார்வைக்குரிய அதன் மேற்பாதி வழியாகப் பாருங்கள்.

பைனாகுலரில் 8x42 என்றிருந்தால், முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்பக்க வில்லையின் விட்டம் (மில்லிமீற்றரில்). ஒரே வரிசையில் 8x42, 10x42 இரண்டும் இருந்தால், பத்து மடங்குக்கு ஆசைப்படாமல் 8x42ஐ எடுக்கும்படியே சொல்வேன். பெருக்கம் கூடியவற்றில் ஐ ரிலீஃப் பெரும்பாலும் குறைவு. முத்துராஜவெலவில் படகிலிருந்து பார்க்கும்போது கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். மேலும் 42ஐ 8ஆல் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீற்றர்தான் பார்வைத்துண்டிலிருந்து கண்ணுக்கு வெளிவரும் ஒளிவட்டத்தின் விட்டம். கையில் அடங்கும் 10x25இல் அது 2.5 மட்டுமே. அகன்ற ஒளிவட்டத்தில், கண் சற்று விலகினாலும் காட்சி மறைந்துவிடாது.

பணம் கொடுக்குமுன், மாதிரி இலக்கத்தையும், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.