விளிம்பைத் திருப்பிக் காட்டுங்கள்

(பழைய படைப் பதக்கங்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டறை வைத்திருந்த பொற்கொல்லர் ஒருவர் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: முதல் உலகப் போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் வெள்ளிப் பதக்கம் என்று சொல்லிப் பங்காளி ஒருவர் விலை பேசுகிறார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரைவீரன். விளிம்பில் பெயர் பிழையாக இருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வருகிறவர்கள் எல்லோரும் ராஜாவின் முகத்தைத்தான் நீட்டுகிறார்கள். முகத்தை எவனும் வார்த்துவிடுவான் ஐயா. விளிம்பைத் திருப்புங்கள்.

உங்களுடையது பிரிட்டிஷ் வார் மெடல். விட்டம் 36 மில்லிமீட்டர். இது அச்சில் அடித்த சரக்கு. அசலை வைத்து அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கும். நகல் மயிரிழை சிறுத்துவிடும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் அளந்து பாருங்கள். பிறகு நல்ல லென்ஸில் எழுத்துகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். வார்ப்பில் ஊசிமுனை அளவுக்குப் பொடித்துளைகள் இருக்கும், குதிரையின் பிடரி மழுங்கியிருக்கும், விளிம்பில் பிசிறை அரம் போட்டு எடுத்த தடமும் தெரியும்.

இதைவிடக் கெட்டிக்காரத் திருட்டு ஒன்று உண்டு. பதக்கம் அசல், பெயர் மட்டும் போலி. பழைய பெயரைத் தேய்த்துவிட்டு, விலைபோகிற படைப்பிரிவின் பெயரை ஏற்றிவிடுவார்கள். அப்படித் தேய்த்த விளிம்பை நாலைந்து இடத்தில் அளந்தால் விட்டம் கூடக்குறைய வரும். எழுத்தையும் கவனியுங்கள். அசலில் அது குத்திப் பதித்த எழுத்து. எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று வரிசையாக இருக்கும். உளியால் கீறிய எழுத்தென்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

பெயர்ப் பிழைக்குப் பயப்படாதீர்கள். முனுசாமியையும் மாரியப்பனையும் ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடிதான் எழுதினான். போலி செய்கிறவன்தான் பிழையில்லாமல் எழுதக் கவலைப்படுவான்.

இன்னொன்று: இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. தொழிலாளர் படையில் சுமை தூக்கியவர்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி இல்லையே என்று எறிந்துவிடாதீர்கள். எனக்கு அதன்மேல்தான் மரியாதை அதிகம்.

கேள்வி: கறுத்துப்போன பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கூடாது. விபூதி, பற்பசை, கடைப் பாலிஷ் எதுவும் கூடாது. குத்துவிளக்கு வேறு, இது வேறு. தேய்க்கத் தேய்க்க விளிம்பில் உள்ள பெயர் போய்விடும்; பிறகு அசல் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கேள்வி: சிங்கம் புலியை அடக்குவது போன்ற 'திப்பு பதக்கம்' ஒன்று கிடைத்தது. அரபு எழுத்தும் இருக்கிறது. திப்புவே வெளியிட்டதா?
– வாசகர், இராயக்கோட்டை

பதில்: திப்பு தன் புலியைத் தானே கீழே தள்ளிப் பதக்கம் அடிப்பாரா? புலி அவர், சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனி. 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்காகக் கம்பெனி கொடுத்தது இது. நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மேல்கோட்டையை 1791 இல் தாக்கித் தோற்று, 1792 உடன்படிக்கையில் நம் பகுதியான பாராமகாலையே வாங்கிக்கொண்ட அதே கம்பெனிதான்.

தங்கம் முதல் ஈயக்கலவை வரை, பதக்கம் பெறுபவரின் பதவிக்கு ஏற்றபடி பல உலோகங்களில் அடித்தார்கள். இங்கிலாந்தில் சோஹோ நாணய ஆலையில் அடித்தது 48 மில்லிமீட்டர், கல்கத்தாவில் அடித்தது 45. விளிம்பில் பெயர் கிடையாது. அதனால்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு இதன்மேல் அத்தனை ஆசை. அளவு இந்த இரண்டில் எதற்கும் பொருந்தவில்லை என்றால் காசை எடுக்காதீர்கள். அசலாகவே இருந்தால், அது நூறாண்டு கடந்த பொருள். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் கேட்கிறார் என்று தபாலில் அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களான 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் மூன்றும் ஒரே பட்டையில் கோத்தது. ஒரே வீரருடையது என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார்.
– வாசகர், அரூர்

பதில்: சத்தியத்தை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் ஒருவருக்கே கொடுப்பதில்லை. இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஒரு ஸ்டாரும், மற்றதற்கு நாடாவில் ஒரு சின்ன உலோகப் பட்டையும் (கிளாஸ்ப்)தான். கோத்தது கடைக்காரர்.

ஸ்டாரின் பின்புறம் வெறுமையாக இருப்பது மட்டும் குற்றமில்லை. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல்தான் வந்தது, இந்திய வீரர்களுக்குப் பெயர் பொறித்து வந்தது. நம் ஊர்த் தாத்தாவுடையது என்று சொல்லிப் பெயரில்லாததைக் காட்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும். நாடாவைக் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் காட்டுங்கள். பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூல். ஆனால் நாடா கிழிந்தால் மாற்றுவது வழக்கம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: அப்பா 1971 போரில் இருந்தவர். அவருடைய பதக்கங்களில் பெயர் இல்லை, புதிதுபோல் மின்னுகின்றன. போலி என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். மனம் வலிக்கிறது.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: அம்மா, சீருடையில் குத்திக்கொள்ளப் படைவீரர்கள் கடையில் நகல் வாங்குவது எங்கும் உள்ள வழக்கம். அசல் தொலையக் கூடாது என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே தேடுங்கள். கிடைக்காவிட்டாலும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவர் பெற்ற பதக்கங்கள் எழுதியிருக்கும். மேற்கு எல்லை என்றால் பஸ்சிமி ஸ்டார், கிழக்கு என்றால் பூர்வி ஸ்டார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். விண்ணப்பம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.