அம்மா பேசினால்தான் தெரிகிறது

அன்புள்ள அண்ணா,

மூளையைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இது சொந்த விஷயம். என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் புரை. நான்கு வயதில்தான் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது ஆறு வயது. பந்தைத் துரத்துகிறான், நிறம் சொல்கிறான். ஆனால் நாலு பேர் சேர்ந்து நின்றால் யார் அம்மா என்று அவனுக்குத் தெரிவதில்லை. அவள் வாயைத் திறந்தால்தான் ஓடி வருகிறான். "பார்வை திரும்பினாலும் மூளையின் அமைப்பு திரும்பாது" என்று ஒரு செய்தியை உறவினர் ஒருவர் அனுப்பிவைத்தார். அதைப் படித்ததிலிருந்து தங்கை அழுதபடியே இருக்கிறாள். அவ்வளவுதானா அண்ணா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தங்கையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மகனுக்கு அம்மாவின் முகம் பிடிபடாதது பாசக் குறைவு இல்லை, மந்தமும் இல்லை. புரையோடு பிறந்த பிள்ளைகளிடம் இது தெரிந்த விஷயம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாஃப்னி மாரரும் அவருடைய குழுவினரும் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்த பிள்ளைகளுக்கு இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் புரை எடுக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு ஒன்பது ஆண்டுக்கு மேல் நன்றாகப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு முகத்தில் வேறொரு முகத்தின் கண்ணையோ வாயையோ வைத்தால் மற்றவர்களைப் போலவே கண்டுபிடித்துவிட்டார்கள். அதே கண், அதே வாய், இடைவெளியை மட்டும் கொஞ்சம் மாற்றினால் தடுமாறினார்கள். முகத்துக்கு முகம் வித்தியாசம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தானே இருக்கிறது? பிறந்த சில மாத இருட்டே இவ்வளவு செய்யும் என்றால், நான்கு வருடம் காத்திருந்தவன் குரலைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் வந்து சேர்வது அவனுடைய கெட்டிக்காரத்தனம்.

சரி, அந்தச் செய்திக்கு வருவோம். அது பொய்யில்லை. 2023இல் வந்த ஆய்வு அது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிரிகிட்டே ரோடரின் குழுவும் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து செய்தது. பிறவிப் புரை எடுக்கப்பட்டு, தாமதமாகப் பார்வை பெற்ற 21 பேரின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பார்வைக்கான புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கில் பார்வையைக் கவனிக்கும் பகுதியின், பரப்பு குறைவாகவும் தடிமன் அதிகமாகவும் இருந்தது. பிறந்ததிலிருந்து பார்வையே இல்லாதவர்களின் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பிறந்தபோது நன்றாகப் பார்த்து, பிற்பாடு புரை வந்து எடுக்கப்பட்டவர்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை. ஆக, கணக்கு முதல் மாதங்களில் இருக்கிறது.

தடிமன் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. குழந்தையின் பார்வைப் புறணியில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கின்றன. எட்டாவது மாதம் வாக்கில் உச்சம். அப்புறம் பல ஆண்டுகளுக்கு வேண்டாதவை கழிந்துகொண்டே வரும். நெருக்கி விதைத்த பாத்தியில் சில செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுவது போல. எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைக் கண்வழி வரும் வெளிச்சமும் உருவமும்தான் தீர்மானிக்கின்றன. அது வராவிட்டால் கலைப்பு சரியாக நடக்காமல் பாத்தி அடர்ந்தே கிடக்கும். தடிமனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் பார்வைக் கூர்மையும் குறைவாக இருந்தது என்று அந்த ஆய்வு சொல்கிறது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் உங்கள் உறவினர் அனுப்பியது பாதிக் கதை. அதே 2023இல் இன்னோர் ஆய்வும் வந்தது. பார்வையற்ற இந்தியப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்து, அவர்கள் பார்க்கப் பழகுவதை ஆராய மூளை விஞ்ஞானி பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் புரையை வளரிளம் பருவத்தில், உங்கள் பிள்ளையைவிடப் பல வருடம் பிந்தி எடுத்துக்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பார்வைப் பகுதியை மூளையின் மற்றப் பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகள் அறுவைக்குப் பின் வலுப்பட்டிருந்தன. வயதோடு வரும் மாற்றத்தைக் கழித்த பிறகும் அது தெரிந்தது. அந்த இழைகள் எவ்வளவு மாறினவோ அதற்கேற்ப எது முன்னேறியது தெரியுமா? பார்வைக் கூர்மை அல்ல, முகத்தை அறியும் திறன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

புறணியின் அடித்தளம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதிலிருந்து போகும் பாதைகள் இன்னமும் மாறுகின்றன. இரண்டும் உண்மை. "திரும்பாது" என்ற சொல்லை மட்டும் எடுத்து ஒரு தாயின் கையில் கொடுத்தது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் மூலம் ஹ்யூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளிடம் செய்த சோதனை. குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து, சில மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் பழுது இல்லை. ஆனால் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் தரும் நரம்பணுக்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனையிடம் அப்படி நடக்கவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டையும் மூடுவதைவிட ஒரு கண்ணை மட்டும் மூடினால் பாதிப்பு இன்னும் கடுமை. திறந்திருக்கும் கண் மற்றதன் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

என் அக்கா மகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் புரை. எடுத்த பிறகு நல்ல கண்ணுக்குத் தினமும் சில மணி நேரம் ஒட்டு போட்டு மூட வேண்டும், பலவீனமான கண் வேலை செய்யட்டும் என்று. இரண்டு வயதுப் பிள்ளை. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பிய்த்து என் மணிக்கட்டில் ஒட்டிவிட்டு, "மாமாவுக்கு" என்பாள். மறுபடி ஒட்டினால் அழுகை. வீட்டில் எல்லோரும் களைத்துப்போனோம். ஒரு நாள் ஒட்டு போட்டபடியே தரையில் குனிந்து, ஓர் எறும்பின் பின்னாலேயே விரலைக் கொண்டுபோனாள். சுவர் ஓரம் வரை போனாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

கண்ணுக்குள் உருவம் தெளிவாக விழுந்துவிட்டால் மூளை காத்திருப்பதில்லை. மாரர் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், புரை எடுத்துக் கான்டாக்ட் லென்ஸ் பொருத்திய கைக்குழந்தைகளின் பார்வை, ஒரே ஒரு மணி நேரம் பார்த்த பிறகு அளவிடக்கூடிய அளவுக்குக் கூடியிருந்தது. முதல் பிரச்சினை, உருவம் தெளிவாக விழ வேண்டும் என்பதுதான். புரையோடு கண்ணின் சொந்த லென்ஸும் போய்விடுகிறது. உள்ளே செயற்கை லென்ஸ் வைத்திருந்தாலும் அது கிட்டத்துக்கும் தூரத்துக்கும் தானாக மாறாது. வளரும் பிள்ளைக்குப் பவரும் மாறும். குழந்தையில் புரை எடுத்த கண்ணில் பல வருடம் கழித்தும் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாகோமா வரலாம் என்பதால் பரிசோதனையை எந்த வருடமும் விட்டுவிடக் கூடாது.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவன் கண்ணாடி போட்டிருக்கிறானா, கடைசியாக எப்போது பவர் பார்த்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தங்கையிடம் கேட்டு எழுதுங்கள்.