ஆத்தங்குடி கல்லுக்குச் சூளையில் சுடாமலேயே அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது?

காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் சிமெண்ட் தரைக்கல் இது. பளபளப்பைத் தருவது கண்ணாடி. கண்ணாடித் தகட்டின்மேல் பூ அச்சை வைத்து, அதன் கட்டங்களில் சாயம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் கலைந்துவிடக் கூடாது. கை நடுங்காத அந்தத் தொழிலாளிக்குத்தான் நாம் கொடுக்கும் விலை முழுவதும் தகும். பிறகு மணல் சிமெண்ட் கலவையை நிரப்பி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுவதால் நெருப்பு தேவையில்லை. தட்டில் ஊற்றிய பாகு ஆறியதும் அதன் அடிப்பக்கம் தட்டைப் போலவே வழவழப்பாக இருக்குமல்லவா, அப்படித்தான் கண்ணாடியைத் தொட்டிருந்த கல்லின் பக்கமும்.

செராமிக் என்று நினைத்துப் பலர் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். அமிலம் சிமெண்டை அரித்துவிடும், ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.