11 மாதக் குழந்தைக்கு ஹோட்டலில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறோம். மகனுக்கு 11 மாதம். இந்த மாதக் கடைசியில் திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். காரில் போய் ஒரு நாள் தங்கி வருகிறோம். இரண்டு நாளும் வெளிச்சாப்பாடுதான். வீட்டில் பருப்பு சாதம், இட்லி, மசித்த காய் எல்லாம் சாப்பிடுவான், தாய்ப்பாலும் உண்டு. ஹோட்டலில் அவனுக்கு என்ன வாங்குவது? "ரசம் சாதம் போதும், காரமும் பழகட்டும்" என்கிறார் மாமியார். "போனைக் காட்டினால் எதையும் சாப்பிட்டுவிடுவான்" என்கிறார் கணவர்.

பதில்: தாராளமாகக் கூட்டிப் போங்கள். 6 மாதத்திலிருந்து 12 மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் பாதியையோ அதற்கு மேலேயோ தாய்ப்பாலே தர முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் பால் கொடுத்துக்கொண்டிருப்பதால், இரண்டு நாள் சோறு குறைந்தாலும் அவன் இளைத்துவிட மாட்டான். ஹோட்டலில் அவன் வயிற்றை நிரப்பியே ஆக வேண்டும் என்ற பதற்றத்தை முதலில் விடுங்கள். தப்பான சாப்பாடு உள்ளே போவது பெரும்பாலும் அந்தப் பதற்றத்தில்தான்.

அம்மாக்கள் அதிகம் பயப்படுவது காரத்துக்கு. அது பெரிய ஆபத்தில்லை. நாக்கில் பட்டால் துப்புவான், கொஞ்சம் அழுவான். நான் பயப்படும் வரிசை வேறு: முதலில் வயிற்றுப்போக்கு, அடுத்து சூட்டுக் காயம், அப்புறம் தொண்டையில் சிக்குவது. உப்பு நாலாவதுதான்.

"குழந்தைக்கு, உப்பு கம்மியா கொடுங்க" என்று சப்ளையரிடம் சொன்னால் "சரிங்க மேடம்" என்பார். ஆனால் சாம்பாரும் ரசமும் காலையிலேயே அண்டாவில் கொதித்து, உப்புப் போட்டு இறக்கியாகிவிட்டது. உங்களுக்காக அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இட்லி, தோசை மாவிலும் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். அதனால் ஹோட்டலில் எதை மாற்றித் தரச் சொல்வது என்று யோசிக்காதீர்கள். எது உப்பும் காரமும் சேராமல் இருக்கிறது, எது இப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் மதியத்துக்கு வெள்ளைச் சோறும் கப் தயிரும்தான். நம் ஊர் ஹோட்டல்களில் வெள்ளைச் சோற்றை அநேகமாக உப்பில்லாமல்தான் வடிக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பந்தி தொடங்கும் நேரத்தில், 12 மணி வாக்கில் போனால் சோறு ஆவி பறக்க வரும், கூட்டமும் இருக்காது. தயிரைத் தனியாக, கப் தயிராகக் கேளுங்கள். மோரில் உப்பும் பச்சைத் தண்ணீரும் இருக்கும், அது வேண்டாம். ரெடிமேடாக வரும் தயிர் சாதமும் வேண்டாம். அதில் உப்பு, கடுகு, பச்சை மிளகாய், சில இடங்களில் முந்திரி, மாதுளை முத்து வரை கிடக்கும். சோறு சூடாக இருக்கும்போதே, நீங்கள் கொண்டுபோன வெந்நீர் இரண்டு ஸ்பூன் விட்டு நன்றாக மசித்துவிடுங்கள். ஆறிவிட்டால் பருக்கை விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் திப்பிதிப்பியாகத்தான் நிற்கும். மசித்த பிறகு கொஞ்சம் நெய், அதன் மேல் தயிர். தயிர் புளித்த வாடை அடித்தால் வெறும் நெய் சோறு போதும்.

இரவில் இதே வெள்ளைச் சோறு வேண்டாம். அது மதியம் வடித்ததாக இருக்கலாம். சோறு வெளியே மணிக்கணக்கில் கிடந்தால் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சை சாதம், ஃப்ரைட் ரைஸ் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

இரவுக்கும் காலைக்கும் இட்லி. தட்டில் வந்த இட்லி எப்போது வெந்தது என்று உங்களுக்குத் தெரியாது. "அடுத்த ஈடு எப்போ இறங்கும்?" என்று கேட்டு, அதிலிருந்து இரண்டு வாங்குங்கள். பத்து நிமிடம் காத்திருந்தாலும் பரவாயில்லை. தொட்டுக்கொள்ளச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். தேங்காய்ச் சட்னி கொதிக்காத பண்டம். எந்தத் தண்ணீரில் அரைத்தார்கள், எத்தனை மணிக்கு அரைத்தார்கள் என்பது அடுப்படிக்குத்தான் வெளிச்சம். ஒரு பயணத்தில் ஒரே ஒரு பொருளைத் தவிர்க்க முடியும் என்றால் நான் சட்னியைத்தான் சொல்வேன். சூடான சாம்பாரின் அடியில் இருக்கும் பருப்பில் ஒரு ஸ்பூன் தொட்டுக் கொடுக்கலாம். சர்க்கரை தொட்டுக் கொடுக்கும் பழக்கம் 2 வயது வரை வேண்டாம். வெண்பொங்கல் வாங்கினால் முந்திரியையும் முழு மிளகையும் பொறுக்கிவிட்டுத்தான் ஊட்ட வேண்டும். விரதம் இல்லாத பயணத்தில் முட்டை நல்ல துணை: நன்றாக வேகவைத்தது, அல்லது உப்பு மிளகு போடாத ஆம்லெட். ஹாஃப்பாயில் கூடாது.

உப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குள் நாள் முழுவதற்கும் 1 கிராமுக்குக் குறைவாக, 1 முதல் 3 வயது வரை 2 கிராம் என்பது பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை சொல்லும் அளவு. ஒரு டீஸ்பூன் உப்பே 5 கிராமுக்கு மேல் வரும். அதற்காக இரண்டு இட்லியில் இருக்கும் உப்பை எண்ணிக் கவலைப்படாதீர்கள். இரண்டு நாள்தானே. ஆனால் சூப், சோயா சாஸ் போட்ட நூடுல்ஸ், பிரியாணி, சிப்ஸ் எல்லாம் வேறு ரகம்.

உங்கள் மாமியாரின் ரசம் சாதத்துக்கு வருவோம். ருசிக்கு இரண்டு ஸ்பூன் அவர் ஊட்டட்டும், தடுக்க வேண்டாம். முழுச் சாப்பாடாக அது ஆகாது. வயிறு நிறையும், சத்து ஏறாது, உப்பும் கூடுதல். நீங்கள் அவரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டிய விஷயம் வேறொன்று: பஞ்சாமிர்தம். முருகன் கோயிலுக்குப் போகிறீர்கள், யாராவது ஒருவர் பிரியமாக நாக்கில் தடவ வருவார். அதில் தேன் இருக்கும். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரவைக்கும் நச்சைச் சுரக்கும். அரிதாக வருவதுதான், வந்தால் மூச்சு வரை பாதிக்கும். "பிறந்தநாள் முடியட்டும் அத்தை" என்று இப்போதே சொல்லிவையுங்கள், சந்நிதியில் வாக்குவாதம் வேண்டாம்.

உட்காரும் இடத்தைச் சுவரோரமாகப் பாருங்கள். நடைபாதை ஓரத்து நாற்காலி ஆகாது; சாம்பார் வாளியும் காபி டபராவும் அந்த வழியாகத்தான் பறக்கும். அவன் கை எட்டும் தூரத்தில் சூடான எதுவும் இருக்கக் கூடாது. 11 மாதத்துக் கை நீங்கள் நினைப்பதைவிட நீளம். வாழை இலையின் நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் ரசம் மொத்தமும் மடியில் வரும். அவனை வைத்திருப்பவர் அந்த நேரத்தில் காபி குடிக்கக் கூடாது. உயர நாற்காலி இருந்தால் இடுப்புப் பட்டை சரியாக இருக்கிறதா பாருங்கள், அறுந்திருந்தால் மடியே மேல். மீறி மேலே கொட்டிவிட்டால் உடனே துணியைக் கழற்றி, கைகழுவும் குழாயில் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். ஐஸ், பற்பசை, இங்க் எதுவும் கூடாது. அப்புறம் மருத்துவமனை.

கணவர் சொல்லும் போன் விஷயம். 2 வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. ஹோட்டலில் எனக்கு உடனடிக் கவலை ஒன்றும் உண்டு: திரையைப் பார்க்கும் குழந்தை மெல்ல மறந்து வாயைத் திறந்துகொண்டே இருக்கும், வயிறு நிறைந்ததும் அதற்குத் தெரியாது. பதிலாக அவர் இதைச் செய்யலாம்: ஒருவர் உள்ளே போய் ஆர்டர் கொடுக்கட்டும், மற்றவர் குழந்தையை வெளியே வேடிக்கை காட்டட்டும். சாப்பாடு மேசைக்கு வந்த பிறகு உள்ளே வந்தால் போதும். அவனால் பொறுமையாக உட்கார முடிவது அரைமணி நேரம்தான், அதைக் காத்திருப்பதில் செலவழிக்காதீர்கள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் கொடுங்கள். சத்தம் வரும், பக்கத்து மேசைக்காரர் பொறுத்துக்கொள்ளட்டும்.

பில்லோடு வரும் சோம்பு, கல்கண்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தாதீர்கள். முழு நிலக்கடலை, பொரி, சுண்டல், வடையின் மொறுமொறு ஓரம், முழுத் திராட்சை எதுவும் வேண்டாம். ஓடும் காரில் ஊட்டவும் வேண்டாம். சிக்கினால் வண்டியை ஓரங்கட்டவே நேரம் போய்விடும். சிக்கியும் சத்தமாக இருமுகிறான் என்றால் இருமவிடுங்கள். இருமவோ அழவோ சத்தம் வரவில்லை என்றால் உங்கள் முன்கையில் தலை தாழ்ந்திருக்கக் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வெளியே வராவிட்டால் திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே போகும். புறப்படுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

பையில் அவனுடைய கிண்ணம், ஸ்பூன், கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிய தண்ணீர், வீட்டில் வறுத்து அரைத்த அரிசி பருப்பு மாவு, நாலைந்து வாழைப்பழம். ஹோட்டலில் "வெந்நீர்" என்று வருவது பல இடங்களில் பாதி பச்சைத் தண்ணீர் கலந்ததுதான். தீர்ந்துபோனால் காபி போடும் இடத்தில் கொதிநீராகவே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

கூடவே இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டெட்ரா பாக்கெட்டில் வரும் இனிப்புப் பானம் அதற்குப் பதில் ஆகாது. 1 லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் 1 லிட்டர் கொதித்தாறிய நீரில் கரைத்து, வயிற்றுப்போக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், கொடுப்பதெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறான் - இதில் ஒன்று தெரிந்தாலும் ஈரோடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் வழியில் வரும் முதல் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.