சுவர் அழுத்தம் துள்ளுகிறதா? துகள்களைக் கூட்டப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: முதுநிலைப் பொறியியல் மாணவன் நான். பிரேக் போடும்போது தண்ணீர் லாரித் தொட்டிக்குள் நீர் தளும்புவதை, நீரைத் துகள்களின் தொகுப்பாகக் கொள்ளும் எஸ்.பி.எச். (SPH) என்னும் கணினி முறையில் கணிக்கிறேன். நீரின் அசைவு இயல்பாகத் தெரிகிறது. ஆனால் சுவர் அழுத்தத்தின் வரைபடம் தாறுமாறாகத் துள்ளுகிறது. துகள்களைக் கூட்டினால் சரியாகும் என்று ஒரு புராஜெக்ட் சென்டர் பெருந்தொகை கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். 1977-இல் விண்மீன் கணக்குகளுக்காகத் தோன்றிய இந்த முறையை நீருக்குப் பயன்படுத்தும்போது, நீர் சற்றே அமுங்கக்கூடியது என்று கொண்டு, அதில் ஒலியின் வேகத்தை நீரோட்டத்தின் உச்ச வேகத்தைப் போல் ஏறத்தாழ 10 மடங்காக மட்டுமே வைக்கிறோம். அதனால் அடர்த்தி 1 சதவீத அளவுக்கே மாறினாலும், அந்தச் சிறு மாற்றம் அழுத்தத்தில் பெரிதாகத் தெரிகிறது. துகள் இடைவெளியைப் பாதியாக்கினால் முப்பரிமாணக் கணக்கில் துகள்கள் 8 மடங்காகும். கால இடைவெளியும் பாதியாக வேண்டியிருப்பதால் வேலை 16 மடங்காகும். துள்ளல் அதனால் மட்டும் நீங்காது.

முதலில் தொட்டியை அசைக்காமல் 1 மீட்டர் ஆழ நீரை நிறுத்தி வைத்துக் கணியுங்கள். அடியில் அழுத்தம் 9,810 பாஸ்கலை ஒட்டி நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் சுவர்த் துகள்களின் அமைப்பைச் சரிபாருங்கள். பிறகு, பக்கத்துத் துகள்களின் அடர்த்தி வேறுபாட்டைச் சமப்படுத்தும் அடர்த்திப் பரவல் உறுப்பைச் சமன்பாட்டில் சேருங்கள்; இலவசமாகக் கிடைக்கும் டூயல்எஸ்பிஎச்சிக்ஸ் (DualSPHysics) மென்பொருளில் ஒரே ஒரு தெரிவை மாற்றினால் போதும்.

ஒரு விதிவிலக்கை மறந்துவிடாதீர்கள். அலை சுவரில் அறையும் கணத்தில் எழும் உச்ச அழுத்தம் உண்மையானது. அதையும் இரைச்சல், அதாவது கணக்கு முறையால் வரும் பொய்த் துள்ளல், என்று எண்ணி வடிகட்டிவிட்டால் தொட்டியின் வலிமைக் கணக்கே பிழையாகும். ஒலி வேகத்தைச் சற்று மாற்றி மீண்டும் கணியுங்கள். இரைச்சலின் அதிர்வெண் அதோடு சேர்ந்து மாறும். அறைதலின் நேரமும், அழுத்த வளைவின் கீழுள்ள பரப்பும் பெரிதாக மாறா. அலைக்கும் சுவருக்கும் இடையே காற்று சிக்கிக்கொண்டால், நீரை மட்டும் கொண்ட கணக்கில் அந்த உச்சத்தை நம்ப முடியாது.

இத்தகைய சென்டர்கள் தருவது பெரும்பாலும் வழவழப்பாக்கிய வரைபடமும் வண்ணக் காணொளியும்தான். எந்த வடிகட்டியைப் போட்டார்கள் என்பது வாய்மொழித் தேர்வில் நிற்கும் மாணவருக்கே தெரியாது. காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டுக் குழுக்கள், நின்ற நீர்ச் சோதனையைக் காட்டு என்று ஒரு முறை கேட்டிருந்தால் இந்த வியாபாரம் என்றோ படுத்திருக்கும். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே அதை அறிக்கையில் சேருங்கள். கூடவே மார்ட்டின், மாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்ட நீர்த்தூண் சரிவுச் சோதனையையும் கணித்து, நீரின் முன்விளிம்பு நகரும் வேகத்தை அவர்களுடைய அளவுகளோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.