பொதுச் சுவர் உள்ள பழைய வீடு: எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது?

கேள்வி: தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட பழைய வீட்டை இடிக்கப் போகிறோம். முன்பகுதி செங்கல் சுவரும் மர உத்திரமும். பின்பகுதி பிறகு சேர்த்த கான்கிரீட் தளம். ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கதவு, ஜன்னல், உத்திரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட்டு, மிச்சத்தை இயந்திரத்தால் இரண்டே நாளில் தள்ளிவிடலாம் என்கிறார் இடிக்கும் ஒப்பந்தக்காரர். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: இந்த வரிசைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கதவையும் ஜன்னலையும் முதலில் கழற்றுவதில் தவறில்லை, உத்திரத்தை மட்டும் தொடக்கூடாது. பழைய செங்கல் வீட்டில் உத்திரம் தளத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை. எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்தி வைத்திருப்பதும் அதுதான். உத்திரத்தை உருவிவிட்டால், இரண்டு தள உயரச் சுவர் குறுக்கே எந்தப் பிடிப்பும் இல்லாமல் தனியாக நிற்கும். காற்றோ, பக்கத்தில் ஓடும் இயந்திரத்தின் அதிர்வோ அதைச் சாய்க்கப் போதும்.

2013 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இதுதான் நடந்தது. ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் உள்ளே இருந்த மர உத்திரங்களையும் தளங்களையும் முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். பிடிப்பின்றி நின்ற உயரமான சுவர் பக்கத்துக் கடையின் கூரைமேல் விழுந்தது. கடைக்குள் இருந்தவர்களில் ஆறு பேர் அன்றே இறந்தார்கள். ஏழாவது நபர் பின்னர் இறந்தார். உங்கள் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கதவிலும் ஒரு கவனம் தேவை. கதவை மட்டும் கழற்றுங்கள், மர நிலையை விட்டுவையுங்கள். பழைய வீடுகளில் லிண்டல் (திறப்புக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்கு விட்டம்) இல்லாமல் நிலையின் மேலேயே சுவர் உட்கார்ந்திருப்பதுண்டு. மேலே உள்ள சுவரை இறக்கிய பிறகு நிலை தானாகவே கைக்கு வரும்.

வேலை தொடங்குமுன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்த்து, இடிக்கும் வரிசையை வரைபடமாகக் கொடுக்க வேண்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, உத்திரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் முனை பொதுச் சுவருக்குள் எத்தனை அங்குலம் போகிறது, பக்கத்து வீட்டு உத்திரமும் அதே சுவரில் உட்கார்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சந்தேகமான இடங்களில் பூச்சைக் கொத்திப் பார்த்தால்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் கணிப்பை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

மின்சாரத்தை ஃபியூஸ் பிடுங்கி நிறுத்தினால் போதாது. இணைப்பைக் கம்பத்திலிருந்தே துண்டிக்க வேண்டும். எரிவாயு, குடிநீர்க் குழாய்களை மனை எல்லையில் மூடி, கழிவுநீர்க் குழாயையும் அடைத்துவிடுங்கள். மாடித் தொட்டியைக் காலி செய்யுங்கள்; ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். செப்டிக் டேங்க், பழைய கிணறு எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். டேங்க்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மண் நிரப்பிய பிறகே அந்தப் பக்கம் இயந்திரம் போகலாம். யாரும் அதற்குள் இறங்கவே கூடாது. உள்ளே தேங்கும் வாயு சில மூச்சிலேயே ஆளை வீழ்த்திவிடும்.

இனி வரிசை. கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே, ஒரு நேரத்தில் ஒரு தளம் மட்டும். மேல்தளம் முழுவதும் இறங்கிய பிறகுதான் கீழ்த்தளத்தில் கை வைக்க வேண்டும். அந்தந்தத் தளத்தில் முதலில் கூரை, பிறகு விட்டம், பிறகு சுவரும் தூணும். மேலே வேலை நடக்கும்போது அதற்கு நேர் கீழே ஒருவரும் இருக்கக்கூடாது, ஓய்வுக்குக்கூட.

அதிகம் பேர் தவறவிடுவது இடிபாட்டின் எடையை. வீட்டுத் தளங்களை மனிதர், சாமான் சுமையாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். குவிந்த இடிபாடு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,300 முதல் 1,500 கிலோ இருக்கும். அப்படியானால் அரை அடி உயரம், அதாவது 15 சென்டிமீட்டர் சேர்ந்தாலே தளத்தின் கணக்கு தீர்ந்துவிடுகிறது. முழங்கால் உயரம் குவிந்தால் மூன்று மடங்கு. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அதுவும் புதுத் தளத்துக்கான கணக்கு. கறையான் அரித்த உத்திரத்தை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதனால் இடிபாட்டை அன்றன்றே, முடிந்தால் மணிக்கு மணி, கீழே இறக்க வேண்டும். மூடிய சரிவுக் குழாய் வழியாக இறக்குவது நல்லது. தளத்தில் திறப்பு வெட்டி இறக்கினால் திறப்பின் அளவு தளப் பரப்பில் கால் பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சுவர்களின் குறுக்குப் பிடிப்பு குறையும். திறப்பைச் சுற்றிக் கட்டாயம் தடுப்பு வேண்டும். சுவரை மொத்தமாகத் தளத்தின்மேல் சாய்க்கும் பழக்கத்தை அறவே தடுத்துவிடுங்கள். 23 சென்டிமீட்டர் கனம், 3 மீட்டர் உயரம், 4 மீட்டர் நீளமுள்ள சுவர் 5 டன்னுக்கு மேல் இருக்கும். அது விழுந்தால் தளமும் கூடவே போகும். செங்கல்லை வரிசை வரிசையாகத்தான் இறக்க வேண்டும். பொதுச் சுவரை ஒட்டியும் குவிக்காதீர்கள். குவியல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்.

சன்ஷேடும் பால்கனியும் இந்த மேலிருந்து கீழ் வரிசைக்கு விதிவிலக்கு. வெளியே நீண்டிருக்கும் சன்ஷேடு கவிழாமல் நிற்பதற்குக் காரணம், அதன் உள்முனைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சுவரின் எடை. மேல் சுவரை இறக்க இறக்க அந்த எடை குறைகிறது. கடைசிச் சில வரிசைகளில் சன்ஷேடு சட்டென்று வெளிப்பக்கம் கவிழும், சுவர்மேல் நிற்பவரையும் சேர்த்து. ஆகவே மேல் சுவரைத் தொடுமுன் சன்ஷேடுக்கு அடியில் முட்டு கொடுத்து, வெளிவிளிம்பிலிருந்து சுவரை நோக்கி உடைத்து வாருங்கள். பால்கனிக்கும் இதே முறைதான். அதன் முக்கியக் கம்பி மேற்புறத்தில் ஓடும். அடியில் முட்டு இல்லாமல் மேற்புறத்தைக் கொத்தினால், கம்பியின் பிடி விட்டு மொத்தமும் தொங்கிவிடும்.

பின்பகுதிக் கான்கிரீட் தளத்தில், நாலு பக்கமும் தாங்கலுள்ள தளம் என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உடைக்க வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் தாங்கினால் முக்கியக் கம்பி ஓடும் திசையிலேயே பட்டை பட்டையாக எடுக்க வேண்டும். கான்கிரீட் உதிரும்வரை கம்பியை வெட்டாதீர்கள். 12 சென்டிமீட்டர் கனத் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை இருக்கும்.

பொதுச் சுவர்ப் பக்கம் முழுவதும் கைவேலைதான். அந்தச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டருக்குக் கையால் பிரித்து இடைவெளி உண்டாக்கிய பிறகே மற்ற பகுதிக்கு இயந்திரம் வரலாம். உத்திரங்களை வெட்டுமுன் பொதுச் சுவருக்குப் பொறியாளர் சொன்னபடி சாய்வு முட்டு கொடுங்கள். உத்திர முனையை அசைத்துப் பிடுங்காதீர்கள். சுற்றியுள்ள செங்கல் தளர்ந்துவிடும். ரம்பத்தால் சுவர் மட்டத்துக்கு அறுத்துவிட்டு, பிறகு முனையை மெதுவாக எடுத்துக் குழியைச் செங்கல்லும் கலவையும் வைத்து அடைக்க வேண்டும். இதுவரை உட்சுவராக இருந்தது இனி மழை பார்க்கும் சுவர். உடனே பூசுங்கள், அதுவரை தார்ப்பாய் போடுங்கள்.

வேலைக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவர் வீட்டு விரிசல்கள் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, அகலத்தை மில்லிமீட்டரில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள். முக்கியமான விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். அது உடைந்தால் சுவர் அசைந்திருக்கிறது என்று பொருள். அன்றே வேலையை நிறுத்திப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போதும் பொதுச் சுவர் ஓரத்தை ஒரே நீளமாகத் திறக்காமல், ஒரு மீட்டர் விட்டு ஒரு மீட்டராகத் தோண்டி அடைத்து வர வேண்டும்.

இயந்திரம் தரையில் நின்றே வேலை செய்யட்டும். இடிக்கும் பகுதியின் உயரத்தில் பாதியாவது தள்ளி நிற்க வேண்டும். அதன் கை சுவர் உச்சிக்கு மேல் எட்ட வேண்டும். எட்டாதபோது அடிச்சுவரைக் குடைந்து மேலே உள்ளதை விழவைப்பார்கள், அப்படி விழும் சுவர் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னதாக, நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, இரட்டைப் பாலித்தீனில் சுற்றி, தனிக் கழிவாக அனுப்புங்கள். அதன் இழைக்கு முகத்தில் கட்டும் துணி எந்தப் பாதுகாப்பும் தராது.

ஒவ்வொரு மாலையும் வேலையை நிறுத்துமுன் சுற்றிவந்து பாருங்கள். முட்டு இல்லாமல் ஒரு தளத்துக்கு மேல் உயரமாக எந்தச் சுவரும் இரவில் நிற்கக்கூடாது. பாதி உடைத்த தளம் தொங்கக்கூடாது.

ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மரமும் கம்பியும் இடிப்பவருக்கே கூலியாகப் போகும் ஏற்பாடு என்றால், விலை போகும் பொருளை முதலில் உருவும் அவசரம் அவருக்கு இயல்பாகவே வரும். பொருளின் மதிப்பைத் தனியாகக் கணக்கிட்டு, கூலியை ஒவ்வொரு தளமும் வரைபடத்தின்படி இறங்கியபின் தவணையாகக் கொடுப்பதாக எழுதுங்கள். அந்தந்தத் தளத்து உத்திரம் அதன் மேல் சுவர் இறங்கிய பிறகே வெளியேற வேண்டும் என்பதும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும்.