கண்ணில் விட்ட நூலும் இரண்டு வருடக் கெடுவும்

கேள்வி: தக்கலை பக்கம் எங்கள் ஊர். ரப்பர் பால் வெட்டும் அப்பாவுக்கு (66) பதினான்கு மாதம் முன்பு நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. தையல் இல்லாத ஆபரேஷன் என்றார்கள். 24,000 ரூபாய் கட்டினோம். போன மாதம் கண் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. வேறொரு டாக்டர் அறுந்த நைலான் தையல் ஒன்றை எடுத்தார். கருவிழியில் புண்ணாகித் தழும்பு விழுந்து பார்வை மங்கிவிட்டது. வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ‘தையல் போட்டதே தப்பு’ என்று ஆரம்பிக்காதீர்கள், அங்கேயே சறுக்கிவிடும்.

தையல் இல்லாத ஆபரேஷன் என்பது பெரும்பாலும் பாக்கோ, அதாவது புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறை. அதில் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான், தானாக மூடிக்கொள்ளும். நீர் கசிந்தால் ஒரு தையல் போடுவது நல்ல வைத்தியமே. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது, காயம் மெதுவாகத்தான் ஆறும். அதனால் எளிதில் கரையாத, தலைமுடியைவிட மெல்லிய 10-0 நைலானைப் போடுவார்கள். நாளாக ஆக அது நைந்து அறும். முனை வெளியே நீட்டினால் உறுத்தும், கிருமியும் தொற்றும். தேவை முடிந்ததும் எடுக்க வேண்டும், அல்லது நூல் இருப்பதைச் சொல்லி அனுப்ப வேண்டும். உங்கள் அப்பாவிடம் யாராவது சொன்னார்களா? உங்கள் வழக்கே அதுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பற்றி இருக்கிறதா பாருங்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, சம்மதப் படிவம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. 2019 சட்டத்தின் 69வது பிரிவுப்படி கெடு இரண்டு வருடம். தையல் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாடலாம்தான். நான் அதை நம்பி உட்காரமாட்டேன். ஆபரேஷன் நாளிலிருந்தே எண்ணுங்கள், இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

போலீஸுக்குப் போகச் சொல்வார்கள், வேண்டாம். குற்ற வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் தேவை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? ‘தோட்டத்தில் தூசி விழுந்திருக்கும், உறுத்தியதும் ஏன் வரவில்லை’ என்பார்கள். ஆகவே உறுத்தல் தொடங்கிய தேதி, அடுத்த டாக்டரைப் பார்த்த தேதி இரண்டையும் இப்போதே குறித்து வையுங்கள். புண் அந்தத் தையலால்தான் வந்தது என்று இரண்டாவது டாக்டர் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால், மனுப் போடும் முன் இன்னொரு கண் டாக்டரிடம் காகிதங்களைக் காட்டிவிட்டு வாருங்கள்.